காயமும் போர்வையும்: கறுப்பினக் காட்சிக்கலையில் அன்பின் இடம்

கறுப்பினக் கலை, இலக்கியம் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சங்கிலியும் சவுக்கும் தூக்குமரமுந்தான். இதில் வியப்பில்லை. எமது சிற்றேடுகளில் கறுப்பினக் கவிதைகள் மொழிபெயர்க்கப்பட்டபோது பெரும்பாலும் கோபம் கொப்பளிக்கும் கவிதைகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தக் கோபம் எமக்குத் தேவைப்பட்டது; அதை எமது கோபமாகவும் வாசித்தோம். ஆனால், அப்படி வாசித்துப் பழகியதில் ஒரு குறையும் வந்து சேர்ந்தது. ஒடுக்கப்பட்டவரின் கலை என்றால் அது காயத்தைக் காட்டவேண்டும், காட்டாவிட்டால் அது போராட்டத்திலிருந்து நழுவிய கலை என்றொரு அளவுகோலை நாமே செய்து வைத்துக்கொண்டோம். ஒரு சமையலறை, தலைவாரிவிடும் ஒரு கை, குழந்தையைத் தோளில் சாய்த்திருக்கும் ஒரு தகப்பன் - இவை ஓவியமாகவோ புகைப்படமாகவோ வரும்போது, 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அவ்வாறு கடந்துபோன அமெரிக்கக் கறுப்பினப் படைப்புகள் சிலவற்றின் முன்னால் சற்று நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1955ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம், சிக்காகோவிலிருந்து மிசிசிப்பியிலிருந்த உறவினர் வீட்டுக்கு விடுமுறையைக் கழிக்கச் சென்ற எமெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன், வெள்ளையர்களால் இரவில் கடத்திச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட உடல் முகம் தெரியாதபடி சிதைந்திருந்தது. சிக்காகோவுக்கு வந்து சேர்ந்த பெட்டியைத் தாய் திறந்து வைக்கச் சொன்னார். தன் மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்பது அவரது முடிவு. ஆயிரமாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் சஞ்சிகையான 'ஜெட்' அந்த முகத்தின் புகைப்படத்தை வெளியிட்டது. வெள்ளையர் மாத்திரமே அங்கம் வகித்த ஜூரிகள் சபை கொலையாளிகளை விடுவித்தது. ஆனால், அந்தப் புகைப்படம் யாரையும் விடவில்லை. சிவில் உரிமைப் போராட்டத்தின் ஒரு தலைமுறையே அதைப் பார்த்துத்தான் எழுந்தது.

அதே 1955இல் நியூயோர்க்கில் கையடக்கமான ஒரு புத்தகம் வெளிவந்தது. ரோய் டெகராவா எடுத்த ஹார்லெம் புகைப்படங்களும் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய உரையும் சேர்ந்த 'வாழ்க்கையெனும் இனிய ஈ ஒட்டும் தாள்' என்ற நூல் அது. ஹார்லெமில் பிறந்து வளர்ந்த டெகராவாவுக்கு 1952இல் குகன்ஹைம் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. அதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர்தான். அதற்கான விண்ணப்பத்திலேயே, தான் எடுக்க விரும்புவது ஆவணமோ சமூகவியல் அறிக்கையோ அல்ல என்பதை அவர் தெளிவுபடுத்தியிருந்தார். படங்களை வெளியிட முன்வருவார் இல்லை. ஹியூஸ் அவற்றைத் தன் பதிப்பாளரிடம் கொண்டுபோனபோது, அவரே உரை எழுதித் தந்தால் போடலாம் என்று பதில் வந்தது. ஹியூஸ் ஒரு பாட்டியின் குரலில் எழுதினார். மேரி பிராட்லி என்பது அந்தக் கற்பனைப் பாட்டியின் பெயர். எமெட் டில்லின் தாயும் அப்போது மேமி பிராட்லி என்றே அறியப்பட்டார். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்; ஆனாலும் மனம் அதில் சென்று தங்கிவிடுகிறது.

பாட்டிக்கு மேலுலகத்திலிருந்து அழைப்புத் தந்தி வருகிறது. அவள் வரமாட்டேன் என்கிறாள். பேரப்பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்க்க வேண்டாமா? எல்லாரும் உதவாக்கரை என்று ஒதுக்கிய பேரன் ரொட்னியை யார் பார்த்துக்கொள்வது? கதை இவ்வளவுதான். ஹியூஸின் உரை சில இடங்களில் தேவைக்கு மேல் இனிக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டி கொஞ்சம் அதிகமாகச் சாமர்த்தியசாலியாகிவிடுகிறாள். டெகராவாவின் படங்களில் அந்த மிகை கிடையாது. அவர் பளிச்சென்ற செயற்கை ஒளியை விரும்பாதவர்; அறையில் இருக்கும் வெளிச்சம் எதுவோ அதுவே அவருக்குப் போதும். அதனால் அவரது படங்கள் இருண்டவை. கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடையே எத்தனை படிகள் உண்டோ அத்தனையையும் அச்சில் கொண்டுவந்தவர் அவர். முகம் உடனே தெரிவதில்லை. கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்கவேண்டும். அப்படிக் காத்திருப்பவருக்கு மட்டும் ஒரு கன்னம், ஒரு புன்னகையின் தொடக்கம், குழந்தையின் முதுகில் பரவிய ஓர் உள்ளங்கை மெல்ல வெளிப்படும். இந்தக் காத்திருப்பைப் பார்வையாளரிடம் கோருவதே அவரது கலையின் அறம் என்று எனக்குப் படுகிறது.

ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, திறந்த பெட்டியை அரசியல் என்றும் டெகராவாவின் சமையலறையை அழகியல் என்றும் பிரிப்பது இலகு. எமது பழக்கமும் அதுதான். ஆனால், பெட்டியைத் திறக்கச் சொன்னது யார்? ஒரு தாய். அந்த முகத்தைத் துடைத்து, அடையாளம் கண்டு, இது என் பிள்ளை என்று சொன்ன கை அது. காயத்தைக் காட்டிய அந்தப் படத்தின் பின்னாலும் பராமரிப்பின் கைதான் இருந்தது. அந்தக் கை விலக்கப்பட்டால் காயத்தின் படம் வேறொன்றாகிவிடும். 2017இல் நியூயோர்க்கின் விட்னி கண்காட்சியில் டேனா ஷூட்ஸ் என்ற வெள்ளையின ஓவியர் அதே முகத்தை வரைந்து தொங்கவிட்டபோது கறுப்பினக் கலைஞர்கள் பலர் கொதித்தெழுந்ததும், ஒருவர் படத்தை மறைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றதும் இதனால்தான். வரைய உரிமை உண்டா, தணிக்கை சரியா என்று அந்த விவாதம் வேறு திசைகளில் இழுபட்டது. எனக்கு முக்கியமாகத் தெரிவது அந்த உடல்மொழிதான். திறந்து வைத்ததும் அன்பு. அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் முன்னால் நின்று மறைத்ததும் அன்பு.

அன்பற்ற பார்வை எப்படியிருக்கும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1850இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்கை விஞ்ஞானி லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று நிறுவும் நோக்குடன் தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்த ஏழு பேரைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்தார். ஆடை களையப்பட்ட நிலையில், முன்னும் பக்கவாட்டிலுமாக எடுக்கப்பட்ட 15 தகட்டுப் படங்கள் அவை. ரென்டி என்ற முதியவரும் டெலியா என்ற அவரது மகளும் அவர்களில் அடங்குவர். 1976இல் ஹார்வர்ட் நூதனசாலையின் மேல்மாடியில் அவை கண்டெடுக்கப்பட்டன. கெரி மே வீம்ஸ் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் 1995-96இல் இவற்றில் சிலவற்றை எடுத்து, இரத்தச் சிவப்பு நிறமூட்டி, வட்டச் சட்டத்துள் இட்டு, கண்ணாடியின்மேல் அவர்களை நோக்கிப் பேசும் சொற்களைப் பொறித்தார். பின்னர், தான் ரென்டியின் வழித்தோன்றல் என்று கூறிய டமாரா லானியர் என்ற பெண், தன் பாட்டனின் படம் தனக்கே உரியது என்று 2019இல் வழக்குத் தொடர்ந்தார். 2025இல் எட்டப்பட்ட இணக்கத்தின்படி, அத்தகட்டுப் படங்கள் தென் கரோலினாவிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க நூதனசாலையிடம் ஒப்படைக்கப்பட ஏற்பாடாயிற்று. மாதிரி உயிரினமாக ஆக்கப்பட்ட ஒருவர் மீண்டும் ஒரு குடும்பத்தின் பாட்டனாவதற்கு 175 ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

வீம்ஸின் பெயரை நிலைநிறுத்திய படைப்பு அதற்கு முந்தியது. 1990இல் முடிவுற்ற 'சமையலறை மேசை' என்ற அந்த வரிசை 20 புகைப்படங்களையும் 14 உரைப்பலகைகளையும் கொண்டது. மசாசுசெட்ஸ் மாநிலத்தில் அவர் அப்போது வசித்த வீட்டிலேயே எடுக்கப்பட்டவை. எல்லாப் படங்களிலும் அதே மேசை, அதற்குமேல் தொங்கும் அதே விளக்கு, கெமரா நிற்பதும் அதே இடம். மேசையின் மறுமுனையில் இருக்கும் பெண் வீம்ஸ்தான். ஆனால், இது சுயசரிதையன்று. அவர் தாங்கியிருப்பது ஒரு பாத்திரம். அந்த மேசைக்கு ஓர் ஆண் வருகிறான். பத்திரிகை வாசிக்கிறான், சாப்பிடுகிறான், அவளோடு சீட்டு விளையாடுகிறான். ஒரு மகள் வருகிறாள். தோழியர் வருகிறார்கள். ஆண் போய்விடுகிறான். தோழி ஒருத்தி அவளது தலையை வாரிவிடுகிறாள். தாயும் மகளும் ஆளுக்கொரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு உதட்டுச்சாயம் பூசுகிறார்கள். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, ஆனால் இரண்டு கைகளின் அசைவும் ஒன்று. கடைசியில் அவள் தனியே இருந்து சீட்டு அடுக்குகிறாள்.

சுருக்கிச் சொன்னால் ஒரு காதலும் அதன் முறிவும் என்று ஆகிவிடும். ஆனால், படங்கள் சொல்வது அதுவன்று. கவனித்தால், மேசையின் இந்தப் பக்கம், கெமரா இருக்கும் பக்கம், எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது. அந்த இருக்கை பார்வையாளருக்கு உரியது. நாம் அந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. மேசையில் எமக்கும் ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. 1850இன் கெமரா நிறுத்தி வைத்துப் பார்த்தது என்றால், வீம்ஸின் கெமரா உட்கார்ந்து பார்க்கிறது. அடுத்து, அன்பு இங்கே இலகுவானதாகக் காட்டப்படவில்லை. உரைப்பலகைகளில் அந்தப் பெண் தாய்மையைப் பேரின்பமாகக் கொண்டாடுவதில்லை. ஆணுடன் வேலை, பணம், வீட்டுப்பொறுப்பு என்று தர்க்கிக்கிறாள். படங்களிலும் சோர்வு இருக்கிறது, முறைப்பு இருக்கிறது. பராமரிப்பு என்பது களைப்புத் தரும் வேலை என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன காட்சிப் படைப்புகள் அதிகமில்லை.

ஆணும் பெண்ணும் சீட்டு விளையாடும் படமொன்றில் பின்சுவரில் மல்கம் எக்ஸின் படம் தொங்குகிறது. எம்மவர்களுக்கு அல்-ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸ் என்றும் அறிமுகமானவர். மேடைகளிலும் ஊர்வலங்களிலும் பார்த்துப் பழகிய அந்த முகம் இங்கே ஒரு குடும்பத்தின் சுவரில், சீட்டுக்கட்டுக்கும் சிகரெட் புகைக்கும் மேலாக இருக்கிறது. அவர் பேசிய விடுதலை இந்த மேசையில் இவ்விருவருக்கும் இடையில் எப்படி இருக்கப்போகிறது என்ற கேள்வியைப் படம் உரத்துக் கேட்பதில்லை. சுவரில் மாட்டிவிட்டு விளையாட்டைத் தொடர்கிறது.

சுவரில் படம் மாட்டுவதைப் பற்றி பெல் ஹூக்ஸ் நன்றாக எழுதியிருக்கிறார். 2021இல் மறைந்த இச்சிந்தனையாளர், நிறப்பாகுபாடு கோலோச்சிய தெற்கில் கறுப்பின வீடுகளின் சுவர்கள் நிறையத் தொங்கிய குடும்பப் புகைப்படங்களை ஒரு மாற்றுக் கலைக்கூடமாகவே காண்கிறார். வெளியே பத்திரிகையிலும் திரையிலும் தம்மை இழிவாகவே கண்டவர்கள், தாம் விரும்பியபடி தம்மைக் காணும் உரிமையை வீட்டுச் சுவரில் நிலைநாட்டினார்கள் என்பது அவரது வாதம். 1990இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், கறுப்பினப் பெண்கள் பிறர் வீட்டில் உழைத்துவிட்டு வந்து தம் வீட்டைக் கட்டிக்காத்ததை எதிர்ப்பின் களமாகவே அவர் கருதுகிறார். பெண்ணை மீண்டும் அடுப்படிக்கு அனுப்பும் வாதமல்லவா இது என்று கேட்போருக்கு வீம்ஸின் மேசையே பதில். அவள் அங்கே சமைப்பதைவிட அதிகமாகச் சிந்திக்கிறாள்.

வீட்டுச் சுவரிலிருந்து தெருச் சுவருக்கு. 1967இல் சிக்காகோவின் தென்பகுதியில், 43ஆம் வீதியும் லாங்லி அவெனியூவும் சந்திக்கும் மூலையில், கறுப்பின ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் ஒன்றுகூடிப் பழைய கட்டடமொன்றின் சுவரில் தம் நாயகர்களைத் தீட்டினார்கள். 'மரியாதைச் சுவர்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். மல்கம் எக்ஸ், முஹம்மத் அலி, இசைக்கலைஞர் ஜோன் கோல்ட்ரேன், கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் எனப் பலர் அதில் இருந்தனர். புரூக்ஸ் அங்கு வந்து கவிதையும் படித்தார். யாரும் உத்தரவிட்டுச் செய்வித்த வேலையல்ல. அக்கம்பக்கத்து மக்களே அதற்குக் காவலிருந்தார்கள். 1971இல் தீயினால் சேதமுற்று, பின் இடிக்கப்பட்டது. கலைநோக்கில் அது ஒரே சீரானதல்ல. பலர் கை பட்டதால் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் பொருந்தவில்லை என்பது எஞ்சியுள்ள புகைப்படங்களிலேயே தெரிகிறது. அது ஒரு பொருட்டல்ல. அதைப் பார்த்துத்தான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சுவரோவிய இயக்கம் பரவியது.

பெய்த் ரிங்கோல்டின் 'தார்க் கடற்கரை' (1988) பற்றி ஒரு சொல். ஹார்லெமின் கோடை வெம்மையில் மொட்டைமாடியில் பாய் விரித்து, பெரியவர்கள் அண்டைவீட்டாரோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருக்க, படுத்துக்கிடக்கும் எட்டு வயதுச் சிறுமி கசி பறக்கிறாள். தன் தந்தை கட்டிய, ஆனால் நிறத்தின் காரணமாகத் தொழிற்சங்கத்தில் இடம் தரப்படாத, அந்தப் பாலத்தின் மேலாகப் பறக்கிறாள். துணியில் வரைந்து, ஓரத்தில் ஒட்டுத்துணி தைத்து, கதையையும் அதிலேயே எழுதினார் ரிங்கோல்ட். தையலை அவருக்குக் கற்றுத் தந்தவர் ஆடை வடிவமைப்பாளரான தாய். 1980இல் முதலாவது ஒட்டுத்துணிப் போர்வையை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். மறு ஆண்டில் தாய் காலமானார். 2024இல் தன் 93ஆவது வயதில் மறையும்வரை ரிங்கோல்ட் ஊசியை விடவில்லை.

அன்பைப் படமாக்குவது ஒருபுறமிருக்க, கலையே பராமரிப்பாக மாறமுடியுமா என்று கேட்டவர் சிமோன் லீ. 2022 வெனிஸ் கண்காட்சியில் தங்கச் சிங்க விருது பெற்ற சிற்பி. 2014இல் புரூக்ளினில், ஒரு கறுப்பினப் பெண் மகப்பேற்று மருத்துவர் முன்பு வாழ்ந்த வீட்டில், 'சுதந்திர மக்களின் மருத்துவ நிலையம்' ஒன்றை அவர் சில வாரங்கள் நடத்தினார். யோகாவும் அக்குபங்சர் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்பட்டன. 1970களில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி ஏழைகளுக்காக நடத்திய இலவச மருத்துவ நிலையங்களும், அடிமைத்தனம் ஒழிந்த கையோடு கறுப்பினப் பெண்கள் நோயாளரையும் முதியோரையும் பராமரிக்க அமைத்துக்கொண்ட சங்கமும் அவருக்கு முன்மாதிரிகள். இரண்டாண்டுகளின் பின் நியூயோர்க் நூதனசாலையொன்றில் 'காத்திருக்கும் அறை' என்ற தலைப்பில் அதைத் தொடர்ந்தார். ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு பெண், 2008இல் நியூயோர்க் மருத்துவமனையொன்றின் காத்திருக்கும் அறையில் ஏறத்தாழ 24 மணித்தியாலங்கள் இருந்து, தரையில் விழுந்து, கவனிப்பாரின்றி இறந்தார். அவரது நினைவாக வைத்த தலைப்பு அது. அவர் விழுந்ததையும், ஊழியர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதையும் பாதுகாப்புக் கெமரா பதிவு செய்திருந்தது. 1850இன் கெமராவிலிருந்து அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

லீயின் முயற்சி கலையா சேவையா என்று கேட்பவர்கள் உண்டு. எனது மனத்தடை வேறு. ஒரு கலை நிறுவனத்தின் நிதியில் சில வாரங்கள் நடந்து முடியும் மருத்துவ நிலையம், அதன் பின் நோயாளியை எங்கே அனுப்பும்? சிறுத்தைகளின் நிலையம் மூடப்பட்டபோது ஒரு சுற்றாடல் இழந்தது. லீயின் நிலையம் மூடப்பட்டபோது ஒரு கண்காட்சி முடிந்தது. ஆயினும், அவரது பெரிய வெண்கலச் சிற்பங்களைவிட இந்தச் சிறிய முயற்சியே என் மனதில் நிற்கிறது.

யாருடைய கையில் இருக்கிறது என்ற இந்தக் கேள்வி கெரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓவியங்களில் இன்னும் கூர்மையாகிறது. 1955இல், அந்த அதே ஆண்டில், அலபாமாவில் பிறந்தவர் மார்ஷல். பழுப்பின் சாயல்கூட இல்லாத கருங்கறுப்பில் மனிதர்களைத் தீட்டுவார். 1997இல் அவர் வரைந்த 'பொழுதுபோக்கு', ஏரிக்கரையில் உல்லாசமாயிருக்கும் ஒரு கறுப்பினக் குடும்பத்தைக் காட்டுகிறது. ஐரோப்பிய ஓவியத்தில் வெள்ளையரின் தனியுரிமையாயிருந்த ஓய்வையும் புல்வெளியையும் தன் மக்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார். சிக்காகோவின் பொது நிறுவனமொன்று 25,000 டொலருக்கு வாங்கி வைத்திருந்த அந்த ஓவியம் 2018 மே மாதத்தில் 2 கோடி 11 இலட்சம் டொலருக்கு ஏலம்போனது. அதைக் கண்டு மாநகருக்கு ஆசை பிறந்தது. கறுப்பின மக்கள் வாழும் மேற்குப் பகுதியில், லெக்லர் நூலகத்துக்காக மார்ஷல் 1995இல் வரைந்து கொடுத்த 'அறிவும் வியப்பும்' என்ற ஓவியத்தையும் விற்க முடிவாயிற்று. அதற்கு அவர் வாங்கிய கூலி 10,000 டொலர். விற்று வரும் பணத்தில் நூலகத்தையே திருத்தலாம் என்றார்கள். மார்ஷல் பகிரங்கமாகக் கண்டித்தார்; எதிர்ப்பு வலுத்தது; அவ்வாண்டு நவம்பரில் மாநகர் பின்வாங்கியது. அந்த ஓவியத்தில் இருப்பவர்கள் சிறுவர்கள். எமக்கு முதுகு காட்டி நின்று, தம்மைவிடப் பெரிதான புத்தகங்களையும் அண்டவெளியையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வரைந்தவர் வாங்குவோரைப் பார்த்து வரையவில்லை; அந்த நூலகத்துக்கு வரும் பிள்ளைகளின் பின்னால் நின்று வரைந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவை ஓவியங்களோ புகைப்படங்களோ அல்ல, போர்வைகள். அலபாமா ஆற்றின் வளைவொன்றில் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்திருக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டமாயிருந்த இடம். ஊரில் பலருக்கும் பெட்வே என்ற குடும்பப் பெயர். அது 1845 முதல் தோட்டத்தை வைத்திருந்த அடிமை உடைமையாளனின் பெயர். 1932இல் கடன்கொடுத்த வணிகர் ஒருவர் இறந்துபோக, அவரது மனைவியின் ஆட்கள் வந்து மாடு, கலப்பை, சோளம் என்று கண்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். 1960களில் இவ்வூரவர் ஆற்றைக் கடந்து கம்டன் நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிவுசெய்ய முற்பட்டபோது, 1962இல் படகுச் சேவையே நிறுத்தப்பட்டது. தரைவழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. மீண்டும் படகு ஓடியது 2006இல். 44 ஆண்டுகள்!

இவ்வூர்ப் பெண்கள் கந்தல் துணிகளைக் கிழித்து, இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள் பலகைச் சுவரின் இடுக்குகளால் வரும் குளிருக்காகத் தைக்கப்பட்டவை. நேர்கோடுகளும் கட்டங்களும் கொண்டவை. ஆனால் எந்தக் கோடும் கோல் வைத்து இழுத்ததல்ல, எந்தக் கட்டமும் மற்றதன் அளவில்லை. உருவமற்ற வடிவக்கோலங்களிலேயே வளர்ந்த எமது கண்ணுக்கு இவற்றில் ஒரு நெருக்கம் உண்டு. ஆனால், எமது கோலங்கள் நாடும் குறையற்ற ஒழுங்கு இங்கில்லை. துணி எங்கே முடிகிறதோ அங்கே கோடு திரும்புகிறது. 1966இல் இப்பகுதிப் பெண்கள் ஒரு தையல் கூட்டுறவை அமைத்து விற்கத் தொடங்கினர். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை நூதனசாலையும், தொடர்ந்து விட்னியும் இவற்றைச் சுவரில் தொங்கவிட்டபோது அமெரிக்கக் கலையுலகம் அசந்துபோனது. மத்தீஸையும் கிளேயையும் நினைவுகூர்ந்து எழுதினார்கள். அது புகழ்ச்சிதான். ஆனால், மத்தீஸ் யாருடைய குளிருக்காகவும் வரையவில்லை. ஒப்பீடு தையலின் வடிவத்தைக் கண்டது. தையலின் காரணத்தைத் தவறவிட்டது. 2007இல் அப்பெண்களில் சிலர் தமக்குரிய பங்கு வந்து சேரவில்லை என்று நீதிமன்றம் சென்றதையும், மறு ஆண்டு அது இணக்கத்தில் முடிந்ததையும் கண்காட்சி பற்றிய வியப்புகளோடு சேர்த்தே வாசிக்கவேண்டும்.

அவற்றுள் ஒன்று 1942இல் மிசூரி பெட்வே தைத்தது. கணவர் இறந்த ஆண்டு அது. அவர் வயலில் உடுத்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் எடுத்து, இளம்பெண்ணாயிருந்த மகள் ஆர்லோன்சியாவையும் பக்கத்தில் இருத்திக் கிழித்துத் தைத்தார். இதை ஒரு போர்வையாக்கி, அவரை நினைத்துக்கொண்டு, அன்புக்காக இதைப் போர்த்திக்கொண்டு படுப்பேன் என்று தாய் சொன்னதை மகள் பல்லாண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்தார். நீலமும் சாம்பலும் வெளிறிய மண்ணிறமுமாய் நீண்ட பட்டிகள். அலங்காரத்துக்கென்று ஒரு துண்டுகூட இல்லை. ஆங்காங்கே துணி வெளுத்துப்போயிருக்கிறது, பையிருந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கிறது.